பரோட்டாக் கல்லில் சுட்ட தோசை

மாலை ஐந்து மணி தாண்டினால் விருதுநகர் மாவட்டத்துக் கடைத்தெருக்களில் ஒரு சத்தம் எழும். எண்ணெய் தடவிய பலகையில் மாவு அறைபடும் சத்தம். ராஜபாளையமானாலும் ஸ்ரீவில்லிபுத்தூரானாலும் காட்சி ஒன்றுதான்: பரோட்டா மாஸ்டர் ஓர் உருண்டையைத் தட்டுகிறார், விரிக்கிறார், இரண்டு கையாலும் பிடித்து வீசுகிறார். நாலு வீச்சில் அது மல்லுத்துணி போல மெலிந்து, அடியில் இருக்கும் பலகை தெரிகிற அளவுக்கு விரிந்துவிடுகிறது. கிழிவதில்லை. அரிசி மாவில் இது நடக்காது. கேழ்வரகிலும் கம்பிலும் நடக்காது. மைதாவை இப்படி இழுக்கவும் வீசவும் விடுவது அதற்குள் இருக்கும் குளூட்டன் என்னும் புரதம். தமிழில் அதைப் பசையம் என்கிறார்கள்.

அதே கடையில் ஓர் ஓரமாக உட்கார்ந்து, “பரோட்டா வேண்டாம்ணே, ரெண்டு தோசை போதும்” என்று சொல்லும் இளைஞர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். அவருக்குச் சீலியாக் நோய். கோதுமை ஆகாது. தோசை வருகிறது. அரிசியும் உளுந்தும் ஆட்டிய மாவு. கோதுமை துளியும் சேரவில்லை. ஆனால் அது சுடப்பட்டது பரோட்டாக் கல்லில். மாவை ஊற்றும் முன் மாஸ்டர் கல்லில் தண்ணீர் தெளித்து ஈர்க்குமாற்றால் பெருக்கினார். சற்று முன்பு பரோட்டாத் துணுக்குகளைப் பெருக்கியதும் அதே ஈர்க்குமாறுதான். இளைஞர் கேட்டது சரி, கடைக்காரர் கொடுத்ததும் சரி. இருவருமே கல்லைப் பற்றி நினைக்கவில்லை.

கோதுமை ஆகாதவர்கள் வெளியே சாப்பிடுவதில் உள்ள சிக்கல் முழுவதும் இந்தத் தோசையில் அடங்கியிருக்கிறது. மெனுப் பலகையில் எழுதியிருக்கும் பெயரை மட்டும் வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது. அந்தப் பண்டம் எந்தக் கல்லில் வெந்தது, எந்த எண்ணெயில் பொரிந்தது, எந்த மில்லில் அரைபட்டது என்பதும் சேர்ந்துதான் முடிவுசெய்கிறது.

பசையத்தை முதலில் தனியே பிரித்துக் காட்டியவர் இத்தாலியின் பொலோன்யா நகரத்து அறிஞர் யாக்கோபோ பெக்காரி. 1728இல் அவர் செய்ததை எந்த வீட்டு அடுக்களையிலும் செய்து பார்க்கலாம். கோதுமை மாவைப் பிசைந்து, தண்ணீரில் வைத்துக் கசக்கிக் கழுவ வேண்டும். வெள்ளையாக வடிவது மாவுச்சத்து. கையில் மிஞ்சும் ரப்பர் போன்ற பிசுபிசுத்த கட்டி பசையம். திருநெல்வேலி அல்வாவுக்குக் கோதுமையை ஊறவைத்து ஆட்டிப் பால் எடுக்கிறவர்களுக்கு இந்தச் சக்கை நன்றாகத் தெரியும். பாலில் மாவுச்சத்துதான் அதிகம் என்றாலும் பசையமும் அதனோடு கலந்தே வருகிறது. ஆகவே அல்வாவும் விலக்க வேண்டிய பண்டமே.

பசையத்தில் இரண்டு வகைப் புரதங்கள் முக்கியமானவை. இழுத்தால் திரும்பச் சுருங்கும் வீறைத் தருவது குளூட்டெனின். இழுத்த இழுப்புக்கு நீண்டு கொடுப்பது கிளையடின். பரோட்டா மாஸ்டர் மாவை எண்ணெயில் ஊறவிடுவதே இந்த இரண்டையும் சமாதானப்படுத்தத்தான். இந்தக் கிளையடின்தான் சிலருடைய குடலுக்குள் வினையாகிறது. புரோலின், குளூட்டமின் என்ற அமினோ அமிலங்கள் இதில் நெருக்கமாக அடுக்கப்பட்டிருப்பதால் மனிதனின் செரிமான நொதிகளால் இதை முழுவதும் வெட்ட முடிவதில்லை. 33 அமினோ அமிலம் நீளமுள்ள ஒரு துண்டு வெட்டுப்படாமலேயே சிறுகுடலுக்குப் போய்ச் சேர்கிறது என்று 2002இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

பெரும்பாலானவர்களுக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை. எச்.எல்.ஏ. டி.கியூ.2 அல்லது டி.கியூ.8 என்ற மரபணு வகையைக் கொண்ட சிலருக்கு மட்டும் உடலின் காவல்படை அந்தத் துண்டைப் பகைவனாகப் பார்த்துவிடுகிறது. டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற உடலின் சொந்த நொதி அந்தத் துண்டில் ஒரு சிறு மாற்றம் செய்ய, பகை இன்னும் முற்றி, கடைசியில் அந்த நொதியையே உடல் தாக்கத் தொடங்குகிறது. இதுதான் சீலியாக் நோய். நடுவில் அழிவது சிறுகுடலின் உள்சுவரில் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகள். அவை மழுங்கித் தரைமட்டமானால் இரும்பும் சுண்ணாம்பும் உடலில் சேராது. சிலருக்கு வயிற்றுப்போக்கு, சிலருக்கு வயிற்று உப்புசம். சில பிள்ளைகள் உயரம் கூடாமல் நின்றுவிடுகிறார்கள். வேறு சிலருக்கு எத்தனை இரும்பு மாத்திரை தின்றாலும் தீராத ரத்தசோகை மட்டுமே அடையாளம். ரத்தசோகை இவ்வளவு பரவலாக இருக்கும் நம் ஊரில் அதன் பின்னால் கோதுமை இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

பசையம் என்றதும் பிசுபிசுப்பான எல்லாவற்றிலும் அது இருக்கும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். குழைந்த சோற்றின் ஒட்டலுக்கும் உளுந்து மாவின் வழுவழுப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கோதுமை, பார்லி, ரை ஆகிய மூன்று தானியங்களிலும் அவற்றிலிருந்து வருபவற்றிலும்தான் தொல்லை. அரிசி, கம்பு, சோளம், கேழ்வரகு, குதிரைவாலி, சாமை, வரகு, தினை, எல்லாப் பருப்பு வகைகள், மரவள்ளிக் கிழங்கிலிருந்து வரும் ஜவ்வரிசி ஆகியவை தம்மளவில் பாதுகாப்பானவை. ஓட்ஸ் பெரும்பாலும் கோதுமையோடு சேர்ந்தே விளைந்து, ஒரே எந்திரத்தில் உடைபட்டு வருவதால் தனிச் சான்று இல்லாமல் அதைத் தொடக்கூடாது.

எவ்வளவு பசையம் கெடுதல்? இந்தக் கேள்விக்கு ஓரளவு தெளிவான பதில் இத்தாலியிலிருந்து வந்தது. கார்லோ கட்டாசியும் அவருடைய குழுவும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், கட்டுப்பாடாக வாழ்ந்துவந்த சீலியாக் நோயாளிகளுக்கு 90 நாள் தினமும் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். சிலருக்கு அதில் 50 மில்லிகிராம் பசையம், சிலருக்கு 10, சிலருக்கு ஒன்றுமில்லை. 50 மில்லிகிராம் சாப்பிட்டவர்களின் குடலுறிஞ்சிகள் மழுங்கியிருந்தன. 10 மில்லிகிராமில் அப்படித் தெளிவான சேதம் தெரியவில்லை. ஆனால் அந்த அளவிலேயே ஒருவருக்கு நோய் திரும்பியது.

இதை நம் ஊர்க் கணக்குக்கு மாற்றிப் பார்க்கலாம். ஒரு பரோட்டாவுக்கு 60 கிராம் மைதா என்று வைத்துக்கொண்டால் அதில் ஏறக்குறைய 5 கிராம் பசையம் இருக்கும். 5 கிராம் என்பது 5,000 மில்லிகிராம். ஒரு பரோட்டாவை நூறாகக் கிள்ளினால் அதில் ஒரு துணுக்குதான் அந்த 50 மில்லிகிராம். தோசையின் அடியில் ஒட்டிக்கொண்டு வருகிற துணுக்கு அதைவிடப் பெரியதாகவே இருக்கலாம்.

உலக உணவுத் தர அமைப்பான கோடெக்ஸும் நம் நாட்டின் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யும் ‘குளூட்டன் ஃப்ரீ’ என்று எழுத விதித்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 20 மில்லிகிராம். அந்த வரம்பில் இருக்கும் உணவை ஒருவர் நாளைக்கு அரைக்கிலோ சாப்பிட்டாலும் 10 மில்லிகிராமைத் தாண்ட மாட்டார்.

தமிழ்நாட்டில் இந்த நோய் எத்தனை பேருக்கு இருக்கிறது? வேலூரின் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய பி.எஸ். ராமகிருஷ்ணா, டெல்லி எய்ம்ஸின் கோவிந்த் மக்காரியா உள்ளிட்டோர் நடத்திய பெரிய ஆய்வு ஒன்று 2016இல் வெளிவந்தது. ஹரியானா, அசாம், தமிழ்நாடு ஆகிய மூன்று இடங்களில் 23,331 பேரைப் பரிசோதித்தார்கள். வடக்கே ஆயிரத்துக்கு 8.53 பேருக்கும், வடகிழக்கே 4.66 பேருக்கும் நோய் இருந்தது. தெற்கே 0.11 பேர். அதாவது ஏறக்குறைய ஒன்பதாயிரத்தில் ஒருவர்.

இதைப் படித்துவிட்டு நமக்கு இந்த நோய் வராது என்று நிம்மதியடைவது தவறு. அதே ஆய்வில் இன்னொரு எண் இருக்கிறது. நோய்க்கு இடம்கொடுக்கும் அந்த மரபணு வகைகள் வடக்கே 38.1 சதவீதம் பேரிடமும் தெற்கே 36.4 சதவீதம் பேரிடமும் இருந்தன. ஏறக்குறைய சமம். வேறுபட்டது சாப்பாடு. வடக்கே ஒருவர் சராசரியாக நாளைக்கு 455 கிராம் கோதுமை சாப்பிட்டார். தெற்கே 25 கிராம். கோதுமையின் அளவு மட்டுமே எல்லாவற்றையும் விளக்கிவிடாது. அசாமில் 37 கிராம் சாப்பிட்டவர்களிடமே நோய் கணிசமாக இருந்தது. ஆனாலும் இட்லிக்குப் பதில் சப்பாத்தி, இரவானால் பரோட்டா, நடுவில் பிஸ்கட், பன், நூடுல்ஸ் என்று மாறிவரும் தமிழர் தட்டைப் பார்க்கும்போது, மரபணுவில் தயாராக இருக்கும் ஒரு சமூகத்தில் ஒன்பதாயிரத்தில் ஒருவர் என்ற எண் அப்படியே நிற்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

அபூர்வம் என்பதாலேயே இன்னொரு தொல்லை. டெல்லியில் ஓர் உணவகத்தில் ‘கோதுமை அலர்ஜி’ என்று சொன்னால் அரைகுறையாகவாவது புரிந்துகொள்ளும் ஆள் கிடைப்பார். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பேருந்து நிலையத்தில் ‘குளூட்டன்’ என்ற சொல்லைக் கேட்டவரே குறைவு. சொல்லப்போனால் இது அலர்ஜியும் இல்லை. கோதுமை அலர்ஜி உள்ளவருக்குச் சில நிமிடங்களில் தடிப்போ மூச்சுத்திணறலோ வரும். சீலியாக் நோய் உள்ளவருக்குச் சாப்பிட்ட அன்று ஒன்றும் தெரியாமலே போகலாம். சேதம் உள்ளே நடக்கும். “போன தடவை இங்கேதான் சாப்பிட்டேன், ஒண்ணும் பண்ணலையே” என்பது இந்த நோயில் சான்றாகாது.

இந்த நோய்க்குக் கோதுமைதான் காரணம் என்று தெரியவந்த கதையும் தட்டுப்பாட்டோடு பிணைந்தது. நெதர்லாந்தில் ஹேக் நகரக் குழந்தைகள் மருத்துவமனையில் இருந்த வில்லெம் கரேல் டிக்கெ என்ற மருத்துவர் 1930களிலேயே கோதுமையைச் சந்தேகித்தார். 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானிய முற்றுகையால் அந்த நாட்டின் மேற்கில் ரொட்டி கிடைப்பதே அரிதானது. பட்டினியில் ஊரே வாடியபோது இந்த நோயுள்ள குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் நோயும் திரும்பியது. 1950இல் டிக்கெ தன் ஆய்வேட்டில் இதை நிறுவினார். அதே உலகப்போர் காலத்தில் தென்னிந்தியாவில் நடந்தது இதற்கு நேர் எதிர். பர்மா ஜப்பானியர் கைக்குப் போய் அரிசி வரத்து நின்றது. பெங்களூரின் எம்.டி.ஆர். உணவகம் தன்னுடைய ரவா இட்லி அந்த அரிசித் தட்டுப்பாட்டில் பிறந்ததாகச் சொல்கிறது. அங்கே கோதுமை இல்லாமல் பிள்ளைகள் பிழைத்தார்கள். இங்கே கோதுமை இட்லித் தட்டுக்குள்ளேயே ஏறிவிட்டது. 1956இல் இந்தியா கையெழுத்திட்ட பி.எல். 480 ஒப்பந்தத்தின் மூலம் அமெரிக்கக் கோதுமை கப்பல் கப்பலாக வந்த பிறகு அது நம் கடைத்தெருவை விட்டு நகரவே இல்லை.

ரவா இட்லி, ரவா தோசை, உப்புமா, கேசரி, சேமியா பாயசம் ஆகியவற்றில் ரவை என்பதும் சேமியா என்பதும் கோதுமைதான். இதைச் சொன்னால் வியப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். “நான் கோதுமையே தொடுறதில்லை, ரவை உப்புமாதான்” என்று சொல்கிறவரை எந்த ஊரிலும் பார்க்கலாம்.

பெயரில் தெரியும் கோதுமையை விலக்கிவிடலாம். தெரியாமல் வருவதுதான் பெரும்பாடு. அதில் முதலிடம் பெருங்காயத்துக்கு.

பெருங்காயம் ஆப்கானிஸ்தானிலும் ஈரானிலும் வளரும் ஒரு செடியின் வேர்ப்பால். இந்தியா நெடுங்காலமாக அதை இறக்குமதி செய்தே வந்திருக்கிறது. இமாச்சலத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் 2020 அக்டோபரில்தான் முதல் நாற்றை நட்டார்கள். அந்தப் பால் அப்படியே நம் சமையலுக்கு ஆகாது, நெடி தாங்காது. அதனால் வேலம்பிசினும் ஒரு மாவும் சேர்த்து மட்டுப்படுத்தி விற்கிறார்கள். இதற்குக் கூட்டுப் பெருங்காயம் என்று பெயர். தானிய மாவு சேர்ப்பதைச் சட்டமே அனுமதிக்கிறது. அந்த மாவு பெரும்பாலும் மைதா. டப்பாவின் பின்புறம் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். ஹோட்டல் அடுக்களையில் டப்பாவின் பின்புறத்தை யார் பார்க்கிறார்கள்?

ஆக, சாம்பாரிலும் ரசத்திலும் மோரிலும் பொங்கலிலும் கோதுமை. கேட்டால் பயமாக இருக்கும். ஆனால் பயப்படும் முன் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. 20 லிட்டர் அண்டாச் சாம்பாருக்குப் பத்துக் கிராம் கூட்டுப் பெருங்காயம், அதில் பாதி மைதா என்று வைத்துக்கொள்வோம். 5 கிராம் மைதாவில் சுமார் 400 மில்லிகிராம் பசையம். அதை 20 லிட்டரில் கரைத்தால் லிட்டருக்கு 20 மில்லிகிராம். சட்டம் சொல்லும் எல்லைக்கோட்டிலேயே வந்து நிற்கிறது! கால் லிட்டர் சாம்பார் ஊற்றிச் சாப்பிட்டால் 5 மில்லிகிராம். கட்டியைத் தாராளமாகப் போடும் மாஸ்டர் கையில் இது இரண்டு மடங்காகும். ரசமும் மோரும் சேர்ந்தால் 10ஐத் தாண்டும். ஒருவேளை சாம்பாரால் குடல் அழிந்துவிடாது. தினம் மெஸ்ஸில் சாப்பிடும் மாணவருக்கோ மில் தொழிலாளிக்கோ தினம் தினம் சேரும் அந்த அளவு சிறிதல்ல. உப்பும் புளியும்போல ஒவ்வொரு பந்தியிலும் தப்பாமல் இருப்பதால்தான் பெருங்காயத்தைப் பற்றி முதலில் கேட்க வேண்டியிருக்கிறது. அரிசி மாவு சேர்த்த கூட்டுப் பெருங்காயமும் கடைகளில் கிடைக்கிறது. ஓர் உணவகம் அதற்கு மாறினால் செலவு அதிகம் கூடாது, சாம்பாரின் மணமும் மாறாது.

அடுத்தது எண்ணெய்ச் சட்டி. காலையில் பூரி பொரித்த சட்டியில்தான் மெதுவடையும் வேகும். மாலையில் மைதா போண்டா போட்ட எண்ணெயில்தான் வாழைக்காய் பஜ்ஜி. கொதிக்கும் எண்ணெய் எல்லாவற்றையும் சுத்தம் செய்துவிடும் என்ற நம்பிக்கை கிருமிக்குப் பொருந்தும். பசையம் கிருமியல்ல, செத்துப்போக அதற்கு உயிரில்லை. அமெரிக்காவில் 2021இல் வெளியான ஒரு சிறு சோதனையில், கோதுமைப் பண்டங்களும் பொரிக்கப்படும் எண்ணெயில் வறுத்த உருளைக்கிழங்கை 10 உணவகங்களில் 20 முறை வாங்கிப் பார்த்தார்கள். 9இல் பசையம் இருந்தது. விருதுநகரின் பொரிச்ச பரோட்டாவுக்குப் பேர்போன, நடுவில் குழிந்து எண்ணெய் தேங்கி நிற்கும் அந்தப் பெரிய கல்லைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அந்தக் கல்லின் ஓரத்தில் போடும் ஆம்லெட்டில் முட்டை மட்டும் இருப்பதில்லை.

மூன்றாவது இடம் உணவகத்துக்கு வெளியே இருக்கிறது: ஊரின் மாவு மில். முந்தின ஆள் கோதுமை அரைத்துவிட்டுப் போயிருப்பார். அடுத்த ஆள் கேழ்வரகைக் கொட்டுவார். எந்திரத்தின் உள்ளே தங்கிய கோதுமை மாவு கேழ்வரகோடு வந்துவிடும். மிளகாய்ப் பொடிக்கும் இதே கதிதான். மகாராஜபுரம், வத்திராயிருப்பு போன்ற ஊர்களில் நெல்லும் தென்னையும் கண்முன்னே விளைகின்றன. மாவட்டத்தின் மானாவாரிக் காடுகளில் கம்பும் குதிரைவாலியும் விளைந்திருக்கின்றன. சீலியாக் நோயாளிக்கு இதைவிட நல்ல மண் வாய்க்காது. ஆனால் அந்தத் தானியம் மில்லுக்குப் போய்த் திரும்பும்போது கோதுமையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. ஈரமாக ஆட்டும் இட்லி மாவுக்கு இந்தத் தொல்லை இல்லை. கிரைண்டரில் யாரும் கோதுமை ஆட்டுவதில்லை, அல்வாக் கடை தவிர. ஆகவே தெரியாத ஊரில் கேழ்வரகு அடையைவிட இட்லி நம்பகமானது. சத்து என்று பார்த்தால் நேர்மாறாகத் தோன்றினாலும்.

இந்த இடத்தில் இட்லியின் பெருமையைச் சொல்லாமல் போக முடியாது. அரிசி, உளுந்து, உப்பு, அவ்வளவுதான். கல் வேண்டாம், எண்ணெய் வேண்டாம், மாவு தூவ வேண்டாம். மூடிய பாத்திரத்துக்குள் ஆவியில் வேகிறது. மேலைநாட்டு நோயாளிகள் பல மடங்கு விலை கொடுத்து வாங்கும் பாதுகாப்பு நம் தெருமுனையில் சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. கூடவே வரும் தேங்காய்ச் சட்னியில் பெரும்பாலும் பெருங்காயம் சேராது. சாம்பாரை மட்டும் விசாரித்து வாங்க வேண்டும்.

‘குளூட்டன் ஃப்ரீ’ என்று எழுதி வைத்திருக்கும் பெரிய உணவகங்களுக்குப் போனால் தீர்ந்ததா? கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வு யோசிக்க வைக்கிறது. கையடக்கச் சோதனைக் கருவியை வைத்துக்கொண்டு அமெரிக்க உணவகங்களில் சாப்பிட்டவர்கள் 18 மாதங்களில் செய்த 5,624 சோதனைகளை அதில் தொகுத்தார்கள். பசையம் இல்லை என்று சொல்லிக் கொடுத்த உணவில் 32 சதவீதத்தில் பசையம் இருந்தது. பீட்சாவில் பாதிக்கு மேல். கருவி மிக நுண்ணிய அளவையும் காட்டிவிடும், சந்தேகப்பட்ட உணவையே மக்கள் அதிகம் சோதித்திருப்பார்கள் என்ற குறைகளைக் கழித்தாலும், அட்டையில் எழுதியதை நம்பி மட்டும் சாப்பிட முடியாது என்பது தெரிகிறது. பீட்சா அடுப்பின் கதைதான் நம் பரோட்டாக் கல்லின் கதையும்.

அதற்காக எல்லாவற்றுக்கும் நடுங்கவும் வேண்டியதில்லை. வாஷிங்டன் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றின் குழு 2020இல் செய்து பார்த்த சோதனையில், ரொட்டி வாட்டும் டோஸ்டரையும் கேக் வெட்டும் கத்தியையும் பகிர்வதால் எதிர்பார்த்ததைவிடக் குறைவான பசையமே ஒட்டியது. கோதுமைப் பாஸ்தா வெந்த தண்ணீரிலேயே மற்றதையும் வேகவைத்தபோதுதான் வரம்பு மீறியது. அதையும் குழாய்த் தண்ணீரில் அலசியதும் குறைந்தது. தண்ணீர்விட்டுத் தேய்த்துக் கழுவுவது பயன் தரும் வேலை. கழுவிய கரண்டி, கழுவிய தட்டு, வாழையிலை ஆகியவற்றைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். துடைத்த கல்லையும் ஊறிய எண்ணெயையும் பற்றித்தான் கவலை.

சட்டம் ஓரளவுக்கு உதவுகிறது. பொட்டலத்தில் வரும் எந்த உணவிலும் பசையமுள்ள தானியம் இருந்தால் குறிப்பிட்டாக வேண்டும். மத்திய உரிமம் பெற்ற, அல்லது 10 இடங்களுக்குக் குறையாமல் கிளை வைத்திருக்கும் உணவகங்கள் ஒவ்வாமைப் பொருள்களை மெனுவில் தெரிவிக்க வேண்டும் என்று 2020ஆம் ஆண்டு விதிமுறைகள் சொல்கின்றன. ராஜபாளையத்தின் மெஸ்ஸும் கிருஷ்ணன்கோவிலில் கல்லூரிப் பிள்ளைகளை நம்பி நடக்கும் கடையும் அதில் அடங்காது. அங்கே வாய்தான் துணை.

வாயால் எப்படிக் கேட்பது என்பதில்தான் பாதிப் பாதுகாப்பும் இருக்கிறது. “இதுல குளூட்டன் இருக்கா?” என்ற கேள்விக்கு அந்தச் சொல்லையே கேட்டிராத பையன், வந்தவர் மனம் கோணக்கூடாது என்று “இல்லண்ணே” என்றுதான் சொல்வான். அவன் பொய் சொல்லவில்லை. கேள்வி அடுக்களையின் மொழியில் இல்லை. கல்லாவில் இருக்கும் அண்ணாச்சியிடமோ, முடிந்தால் சரக்கு மாஸ்டரிடமோ நேரே போய்ப் பொருளின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். வெளிநாடுகளில் சீலியாக் நோயாளிகள் சட்டைப்பையில் ஒரு சிறு அட்டை வைத்திருப்பார்கள். அதைத் தமிழில் எழுதினால் இப்படி இருக்கலாம்:

“அண்ணாச்சி, எனக்குக் குடல் நோய். கோதுமை, மைதா, ரவை, சேமியா, பார்லி கொஞ்சம் பட்டாலும் உடம்புக்கு ஆகாது. சாம்பாரிலும் ரசத்திலும் போடும் பெருங்காயத்தில் மைதா இருக்கிறதா என்று டப்பாவைப் பார்த்துச் சொல்லுங்கள். பரோட்டா, சப்பாத்தி போட்ட கல்லில் எனக்குத் தோசை வேண்டாம். பூரி, போண்டா பொரித்த எண்ணெயில் பொரித்தது வேண்டாம். இட்லி, வெறும் சோறு, தயிர், அவித்த முட்டை இருந்தால் போதும்.”

கடைசி வரி முக்கியம். வேண்டாததை மட்டும் அடுக்கினால் சமைக்கிறவர் மலைத்துப்போவார். இது போதும் என்று சொன்னதும் அவருக்கு வழி தெரிந்துவிடும். நேரமும் உதவும். காலையில் கடை திறந்ததும் போனால் கல் புதிதாகக் கழுவியிருக்கும், எண்ணெய் புதிது, கேட்டால் காதுகொடுக்க ஆளும் இருப்பார். இரவு எட்டு மணிக் கூட்டத்தில் இதெல்லாம் நடக்காது. சைவமா அசைவமா என்பதைவிடப் பரோட்டாக் கல் இருக்கிறதா இல்லையா என்று பார்த்துக் கடையைத் தேர்வது நல்லது. கோபி 65, சில்லி சிக்கன் வகைகளில் மைதா மேல்பூச்சும் சோயா சாஸும் உண்டு. சோயா சாஸ் பெரும்பாலும் கோதுமை சேர்த்துப் புளிக்கவைத்தது. களைப்புக்கு ஒரு மால்ட் பானம் என்றால் அது பார்லி.

பெரியவர்கள் கடையைத் தேர்ந்துகொள்ளலாம். குழந்தைகளுக்கு அந்த வசதி இல்லை. ஒரு பிள்ளை வீட்டுக்கு வெளியே தினமும் சாப்பிடும் முதல் இடம் பள்ளிக்கூடம். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஏழைப் பிள்ளைகளின் வயிற்றை நிறைத்திருக்கிறது. தமிழ்நாடு பெருமைப்படத்தக்க காரியம் அது. அதன் வாராந்தரப் பட்டியலில் ரவை, சேமியா, கோதுமை ரவை உப்புமாக்களும் கிச்சடியும் வருகின்றன. அபூர்வமாக இந்த நோயுள்ள ஒரு பிள்ளைக்கு அந்தத் தட்டு கெடுதலாகிவிடும். இத்தாலி 2005இல் இயற்றிய 123ஆம் எண் சட்டம், பள்ளி, மருத்துவமனை, அரசு உணவுக்கூடங்களில் கேட்கும் நோயாளிக்குப் பசையமில்லாத உணவு தர வேண்டும் என்கிறது. இங்கே அதற்குப் புதுச் சமையலறை கூடத் தேவையில்லை. வெண்பொங்கல் ஏற்கெனவே பட்டியலில் இருக்கிறது. அந்த ஒரு பிள்ளையை யாரேனும் கண்டுபிடித்துச் சமைக்கும் அக்காவிடம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

கண்டுபிடிப்பதற்கு டி.டி.ஜி. என்ற ரத்தப் பரிசோதனை இருக்கிறது. தேவைப்பட்டால் எண்டோஸ்கோபி வழியாகக் குடலின் சிறு துணுக்கை எடுத்துப் பார்ப்பார்கள். சந்தேகம் வந்ததும் தானாகவே கோதுமையை நிறுத்திவிட்டுப் பரிசோதனைக்குப் போகக்கூடாது. நிறுத்தினால் ரத்தத்தில் அடையாளம் மறையத் தொடங்கும். நோய் இருந்தும் இல்லை என்று வரும்.

கடையை விட்டு வழிப்பயணம் போனாலும் இதே கவனம் வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், தாணிப்பாறைக்குப் போகும் பக்கமாக இருக்கிறது மகாராஜபுரம். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் சதுரகிரி மலை ஏறுகிறவர்கள் அந்தப் பக்கம் திரள்வார்கள். அன்னதானப் பந்தியில் உட்காரும் சீலியாக் நோயாளிக்கு இலையில் விழும் சோறு பிரச்சினையில்லை. சாம்பார்ச் சாதமாகக் கிளறிவிட்டிருந்தால் பெருங்காயத்தைக் கேட்க வழியில்லை. தயிர்ச் சாதம் வரும்வரை பொறுக்கலாம். மலையேறும் பையில் வீட்டு மாவில் அவித்த இட்லியும், கடலை மிட்டாயும், வாழைப்பழமும் இருந்தால் பசி தாங்கும். கடலை மிட்டாய் என்பது வேர்க்கடலையும் வெல்லமும்தான். பக்கத்துக் கோவில்பட்டி 2020இல் அதற்குப் புவிசார் குறியீடே வாங்கியிருக்கிறது.

திரும்பும் வழியில் ஸ்ரீவில்லிபுத்தூர். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த ஊர்ப் பால்கோவாவில் பாலும் சர்க்கரையும் தவிர வேறு எதுவும் இல்லை. ஆண்டாள் கோயில் அக்காரவடிசிலிலும் அரிசி, பருப்பு, பால், வெல்லம், நெய்தான். பால்கோவாவை மட்டும், பாதுஷாவும் ஜிலேபியும் அடுக்கிய தட்டுக்குப் பக்கத்திலிருந்து அதே கரண்டியால் எடுத்துத் தருவதாக இருந்தால் வாங்க வேண்டாம். வேறு பலகாரம் வைக்காமல் பால்கோவா மட்டுமே கிண்டி விற்கும் கடைகள் அந்த ஊரில் இருக்கின்றன. உருளியிலிருந்து இறக்கிய சூட்டிலேயே அங்கே பெட்டியில் அடைத்துத் தருவார்கள்.